கேட்க வாய் வருமா? தனியாக வாழும் முதியவர்களுக்கு அக்கம்பக்கத்தார் கைகொடுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் எல்லாத் தெருக்களிலும் இருக்கின்றன. பிள்ளைகள் எங்கோ தொலைவில். முதியோர் இல்லத்துக்குப் போக அவர்களுக்கு மனமில்லை, போக வேண்டிய நிலையும் இன்னும் வரவில்லை. பல்பு மாற்ற, மருந்து வாங்கிவர, கண் மருத்துவரிடம் துணைக்குப் போய்வர ஓர் ஆள் இருந்தால் இன்னும் பல வருடம் சொந்த வீட்டிலேயே நிம்மதியாக ஓட்டிவிடுவார்கள். இதைப் பார்த்துவிட்டு நாலு பேர் கூடி, "நாமே ஏதாவது ஏற்பாடு செய்யலாமே" என்று பேச ஆரம்பிப்பார்கள்.

பேச்சு நன்றாகத்தான் போகும், யார் எவ்வளவு செய்தார்கள் என்று கணக்கு எழுதலாமா வேண்டாமா என்ற கேள்வி வரும்வரை. "உதவிக்குப் போய்க் கணக்கா?" என்பார் ஒருவர். "கணக்கு இல்லாவிட்டால் எல்லாம் இரண்டே பேர் தலையில்தான் விடியும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் பல முயற்சிகள் அந்த இடத்திலேயே நின்றுபோகின்றன. அப்படி நின்றுபோனவர்களுக்காகவும், இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

உலகம் முழுக்கப் பார்த்தால் இதற்கு ஐந்து வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒப்பிடுவதற்குச் செலவு, ஆள்பலம், நிலைத்து நிற்குமா என்று பல அளவுகோல்கள் உண்டு. எனக்கு முதல் அளவுகோல் ஒன்றுதான். உதவி தேவைப்படும் முதியவருக்கு, அந்த ஏற்பாட்டில் கேட்க வாய் வருமா? ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்பது முதல் வழியைச் சொல்லும்போதே புரிந்துவிடும்.

கணக்கே இல்லாத உதவி

எல்லா இடத்திலும் ஏற்கெனவே இருப்பது இதுதான். செலவில்லை, விதியில்லை, கூட்டம் போட வேண்டியதில்லை. மனம் உள்ளவர் செய்கிறார், தேவை உள்ளவர் பெறுகிறார். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் "ஏதாவது வேணும்னா சொல்லுங்கம்மா" என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், மனதாரத்தான். ஒருநாள் தவறி எங்கள் வீட்டுக்கு வந்த அவருடைய தபாலைக் கொடுக்கப் போனேன். குளியலறை வாசலில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு டார்ச். உள்ளே பல்பு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. "இதுக்குப் போய் உங்களை எதுக்குத் தம்பி கூப்பிடணும்?" என்றார். ஈரத் தரையில், பாதி இருட்டில், மூன்று வாரம். 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கீழே விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒருமுறை இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு தனியாக வாழ்வது என்ற பேச்சுக்கே பலருக்கு இடமில்லாமல் போய்விடும். அதற்கு ஒரு பல்பு போதும்.

உதவ ஆள் இல்லாததால் வந்த நிலைமையில்லை இது. ஒரே படிக்கட்டில் ஆறு குடும்பம் இருந்தோம். அவருக்குக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கப் பிறருக்குச் செய்தே பழகியவர், திருப்பிச் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டால் கேட்கமாட்டார். "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்ற ஒரே நினைப்பில் நாளைக் கடத்துவார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மகளின் பள்ளிப்பையில் ஜிப் அறுந்திருந்தது. அந்த அம்மாவிடம் தையல் இயந்திரம் இருப்பது நினைவுக்கு வந்து, கொண்டுபோய்க் கேட்டேன். மறுநாளே ஜிப்பை மாற்றி, அதோடு கிழியவிருந்த தோள்பட்டையையும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். அதே வாரம் போன் வந்தது. "தம்பி, நாளைக்கு வேலைக்குப் போற வழியில என்னை பேங்க்ல இறக்கிவிட முடியுமா?" அவர் தானாக என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

இந்த வழியின் இன்னொரு குறை, சுமை ஒரே இடத்தில் சேர்வது. கேட்டால் மறுக்கத் தெரியாத ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். எல்லோரும் அவரையே கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்தில் அவர் களைத்துப்போவார், அல்லது வீடு மாறிப் போவார். ஏற்பாடும் அவரோடு போய்விடும்.

மணி நேரத்தைக் கணக்கு வைக்கும் நேர வங்கி

நான் ஒரு மணி நேரம் உங்களுக்கு வேலை செய்தால் என் கணக்கில் ஒரு மணி ஏறுகிறது. அதை நான் உங்களிடமே வாங்க வேண்டியதில்லை. குழுவில் யாரிடம் வேண்டுமானாலும் பெறலாம். வழக்கறிஞரின் ஒரு மணியும் தோட்ட வேலை தெரிந்தவரின் ஒரு மணியும் சமம். பணம் கைமாறுவதில்லை.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஜப்பானின் தெருகோ மிசுஷிமா. 1973-ல் ஒசாகாவில் பெண்களைத் திரட்டித் தன்னார்வ உழைப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். கையில் நேரம் இருக்கும் வயதில் பிறருக்குக் கொடுத்த மணிகளை, தேவைப்படும் வயதில் திரும்பப் பெறலாம் என்பது அவருடைய கணக்கு. அமெரிக்காவில் எட்கர் கான் என்ற சட்டப் பேராசிரியர் இதே யோசனைக்கு வேறு பாதையில் வந்தார். 1980-ல் அவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கையில், எல்லோரும் தனக்குச் செய்கிறார்கள், தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் அவரை வாட்டியது. அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய நேர நாணயம். மேல்மாடி அம்மா டார்ச்சோடு குளிக்கப் போனதும் இவர் கட்டிலில் தவித்ததும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

அதனால் என் அளவுகோலின்படி நேர வங்கி நன்றாகத் தேறுகிறது. கேட்பவர் கையேந்தவில்லை, தன் கணக்கிலிருந்து எடுக்கிறார். ஆனால் முதியவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. பட்டியல் போடும்போது ஏணி ஏறுவது, வண்டி ஓட்டுவது, மூட்டை தூக்குவது என்று உடல் வேலையாகவே எழுதுவார்கள். முதியவர் படித்துப் பார்த்துவிட்டு, நமக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்கிக்கொள்வார். பகலெல்லாம் வீட்டில் இருப்பதே பெரிய வசதி என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு வரும் பார்சலை வாங்கி வைக்கலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளை, பெற்றோர் வரும்வரை அரைமணி நேரம் அவர் வீட்டில் உட்காரலாம். பிழை திருத்தலாம், கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம், விண்ணப்பங்களை நிரப்பலாம், ஊருக்குப் போகிறவர்களின் சாவியை வைத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடலாம். தனியாக இருக்கும் இன்னொரு முதியவருக்குக் காலையில் போன் போட்டு விசாரிக்கலாம். கட்டிலை விட்டு இறங்க முடியாதவர்கூடக் கடைசி வேலையைச் செய்யலாம்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, கொடுக்க எல்லோரும் முன்வருவார்கள், எடுக்கத்தான் தயங்குவார்கள். கணக்கில் நாற்பது மணி ஏறியிருக்கும், ஒரு மணிகூட எடுத்திருக்க மாட்டார்கள். யாரும் எடுக்காவிட்டால் யாருக்கும் கொடுக்கவும் முடியாது, வங்கி அப்படியே உறைந்துவிடும். சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோரும் ஒரு உதவியாவது கேட்டே ஆக வேண்டும் என்று விதி வைத்தால் இந்தக் கூச்சம் சீக்கிரம் உடையும்.

இரண்டாவது குறை ஆழமானது. இன்று கொடுத்ததை இருபது வருடம் கழித்து எடுக்கலாம் என்று சேர்த்து வைத்தால், அன்றைக்குக் கொடுக்க யார் இருப்பார்கள்? இன்று சேர்ப்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயது, ஒன்றாகவே மூப்படைவார்கள். புதிதாக இளையவர்கள் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் அந்தச் சேமிப்புக்கு மதிப்பு. சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் நகரம் இதற்கு ஒரு விடை கண்டது. அங்குள்ள நேரச் சேமிப்புத் திட்டத்துக்கு நகர நிர்வாகமே பொறுப்பேற்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. ஒருவர் சேர்க்கக்கூடிய மணிகளுக்கும் 750 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பின்னால் ஒரு நகராட்சி நிற்கும்போது இது சரி. ஒரு தெருவோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போ இருபது வருட வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. அப்படிக் கொடுத்துவிட்டுக் கைவிட்டால், நம்பியிருந்த முதியவருக்கு அந்த வயதில் வேறு வழி இருக்காது. ஒரு வருடத்துக்குள் எடுக்காத மணிகள் பொதுக் கணக்குக்குப் போகும் என்று வைத்துக்கொள்வது நேர்மையானது. நோயில் விழுந்து எதையும் கொடுக்க முடியாதவர்களுக்கு அந்தப் பொதுக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

ஜப்பானில் 1990-களில் பரவிய 'ஃபுரெஆய் கிப்பு' என்ற நேரச் சீட்டில் என் மனதைத் தொட்ட அம்சம் ஒன்று உண்டு. நான் இருக்கும் ஊரில் ஒரு முதியவருக்குச் செய்து சேர்த்த மணிகளை, வேறு ஊரில் இருக்கும் என் பெற்றோருக்கு மாற்றிவிடலாம். அங்கே உள்ளவர் என் அம்மாவைப் பார்த்துக்கொள்வார். வெளியூரில் வேலை பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் இது ஆசையைக் கிளப்பும். ஆனால் இதற்கு ஒரே முறையில் கணக்கு வைக்கும் அமைப்புகள் இரண்டு ஊரிலும் வேண்டும். இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் முயற்சிக்கு இது எட்டாது.

சந்தா கட்டும் சங்கம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் என்ற பகுதியைச் சேர்ந்த முதியவர்கள் 2000-களின் தொடக்கத்தில் தங்களுக்காகத் தாங்களே ஒரு சங்கம் வைத்தார்கள். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். சம்பளத்துக்கு ஊழியர்கள் இருப்பார்கள். உறுப்பினர் ஒரே எண்ணுக்குப் போன் செய்தால் போதும். தன்னார்வலர் செய்யக்கூடிய வேலை என்றால் ஆளை அனுப்புவார்கள். குழாய் ரிப்பேர், வீட்டுப் பராமரிப்பு போன்றவற்றுக்கு, விசாரித்து நம்பகம் பார்த்த ஆட்களைச் சொல்வார்கள். இதைப் பார்த்து அந்த நாட்டில் இதுபோன்ற சங்கங்கள் நூற்றுக்கணக்கில் உருவாகிவிட்டன.

கேட்கும் கூச்சம் இதில் ஏறக்குறைய காணாமல் போகிறது. சந்தா கட்டியிருக்கிறேன், கேட்கிறேன், அவ்வளவுதான். முடிவெடுப்பவர்களும் முதியவர்களே என்பதால் யாரோ இரக்கப்பட்டுச் செய்கிற வாடையும் இல்லை. ஆனால் ஒரு சம்பளத்தைத் தாங்கும் அளவுக்கு உறுப்பினர்கள் வேண்டும். இருபது வீட்டில் இது நிற்காது. சந்தா கட்ட முடியாதவர் வெளியே நிற்பார், உதவி அதிகம் தேவைப்படுபவர் பல சமயம் அவராகவே இருப்பார். சலுகைச் சந்தா இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

ஜெர்மனியில் ரீட்லிங்கன் என்ற சிறு நகரில் 1991 முதல் நடக்கும் முதியோர் கூட்டுறவு, நேர வங்கிக்கும் இதற்கும் நடுவில் நிற்கிறது. உதவி பெறுபவர் மணிக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறார். செய்தவர் அதைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது தன் முதுமைக்கென விட்டுவைக்கலாம். ஓய்வூதியம் போதாத ஒருவர் அதே தெருவில் இன்னொரு முதியவருக்கு உதவிச் சிறு வருமானம் பார்க்க இதில் வழியிருக்கிறது. ஆனால் பணம் நுழைந்ததும் பேச்சு மாறும். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அதுவரை யாரும் கடிகாரம் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மாற்றத்தைத் தாங்கும் குழுவா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் ஒரு செவிலியரும்

படுக்கையில் விழுந்தவர், புற்றுநோயோடு வீட்டில் இருப்பவர் என்று வந்துவிட்டால் மேலே சொன்ன மூன்றுமே போதாது. கேரளத்தின் மலப்புறம் பகுதியில் 2001-ல் வேர்விட்ட அக்கம்பக்க வலிதணிப்பு வலையமைப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டறிவார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள், மருந்தும் உணவும் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்றவற்றுக்குச் செவிலியரும் மருத்துவரும் வருவார்கள். பணம் பெரும்பாலும் உள்ளூர் மக்கள் கொடுத்த சிறு தொகைகளாகச் சேர்ந்தது.

இங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, கைம்மாறுக்கும் வழியில்லை. ஆனாலும் கேட்கும் கூச்சம் வேறு விதமாகத் தீர்கிறது. நோயாளி கேட்க வேண்டியதில்லை, அவர்களே தேடி வருகிறார்கள். தேடிப் போவது என்ற இந்த ஒரு பழக்கத்தை மற்ற நான்கு வழிகளும் கடன் வாங்கலாம்.

ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பது

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், வாடகை கொடுக்க முடியாத மாணவருக்கு ஓர் அறை கொடுக்கிறார். மாணவர் வேலைகளில் கைகொடுக்கிறார். ஜெர்மனியில் இதற்கு ஒரு தெளிவான கணக்கு வைத்திருக்கிறார்கள். அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேர உதவி, உடல் பராமரிப்பு அதில் சேராது. இரவில் வீட்டில் இன்னொரு மூச்சு இருக்கிறது என்ற தைரியம் வேறு எந்த ஏற்பாட்டிலும் கிடைக்காது. ஆனால் இரண்டு பேரின் குணமும் பொருந்தியாக வேண்டும். நடுவில் நின்று அறிமுகம் செய்து, ஒத்துவராவிட்டால் பிரித்தும்விட ஒரு நம்பகமான அமைப்பு இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

எந்த வழியாக இருந்தாலும் மூன்று விஷயங்களை அக்கம்பக்கத்தார் கையில் விடக் கூடாது. குளிப்பாட்டுவது, தூக்கி மாற்றுவது போன்ற உடல் பராமரிப்பு முதலாவது. தவறாகத் தூக்கினால் இரண்டு பேருக்கும் அடிபடும். தினமும் பழகும் பக்கத்து வீட்டாரிடம் உடலைக் காட்ட நேர்வது முதியவரின் மானத்தையும் உறுத்தும். இரண்டாவது மருந்தின் அளவை முடிவு செய்வது. வாங்கி வரலாம், நேரத்துக்கு நினைவுபடுத்தலாம், கூட்டிக் குறைக்கக் கூடாது. மூன்றாவது பணம். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் எவ்வளவு நல்லவர் கையிலும் போகக் கூடாது. சந்தேகம் ஒருமுறை எழுந்தால், அது பொய்யாகவே இருந்தாலும் தெருவே பிளந்துவிடும். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் முதியவரின் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பத்துப் பதினைந்து வீடுதான் என்றால் நேர வங்கி வேண்டாம், கணக்கு எழுதுபவரின் வேலை உதவியை விடப் பெரிதாகிவிடும். ஒரு நோட்டு போதும். தேதி, யாருக்கு, என்ன வேலை, யார் செய்தது என்று நான்கு கட்டம். யாரும் கடன்பட்டவர் இல்லை, ஆனால் பெயர் எழுதப்படுவதால் ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுகிறதா என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும். உதவி செய்யும் நாளையும் முன்பே குறித்துவிட வேண்டும். "வேணும்னா சொல்லுங்க" என்றால் ஒன்றும் வராது. "செவ்வாய்க்கிழமை மருந்துக் கடைக்குப் போறேன், சீட்டைக் கொடுத்து வைங்க" என்றால் சீட்டு வரும். ஐம்பது வீட்டைத் தாண்டி, கணக்கு எழுத மனமுள்ள இரண்டு பேரும் கிடைத்தால் நேர வங்கிக்குப் போகலாம், ஓராண்டுக் காலாவதியோடும் பொதுக் கணக்கோடும். இரண்டு பேர் என்று சொல்லக் காரணம், ஒருவர் ஊரில் இல்லாதபோதும் போனை எடுக்க ஆள் வேண்டும். சில நூறு உறுப்பினர்கள் சேர்ந்து, சந்தா கட்டவும் தயாராக இருந்தால் மட்டுமே சங்கம். யாராவது படுக்கையில் விழுந்துவிட்டால் உடனே ஒரு செவிலியரின் துணையைத் தேட வேண்டும், குழுவின் நல்ல மனதை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

நாங்கள் நோட்டோடுதான் ஆரம்பித்தோம். முதல் பக்கத்தை எழுதும்போது முதியவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்கவில்லை, "உங்களால் எங்களுக்கு என்ன செய்ய முடியும்?" என்று கேட்டோம். மேல்மாடி அம்மா தையல் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையில் எட்டு மணிக்கு எனக்கு வேலை எதுவுமில்லை என்றார். இப்போது தினமும் அந்த நேரத்தில் தனியாக இருக்கும் இரண்டு பேருக்குப் போன் போடுகிறார். இரண்டு முறை மணியடித்தும் எடுக்கவில்லையென்றால் என்னைக் கூப்பிடுவார்.

இதுவரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒருமுறை அந்த வீட்டில் போன் சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. இன்னொரு முறை சாவியை எடுத்துக்கொண்டு ஓடினோம். பின்கட்டு வீட்டுத் தாத்தா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். நினைவு தெளிவாக இருந்தது. மணி எட்டேகால்.